தேசிய விருதில் மேக்கப்புக்குத் தனி விருது உண்டா? டர்பனிலிருந்து ஒரு கேள்வி

சாட்ஸ்வொர்த் மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பன்னிரண்டு வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் முதல் தடவையாக இங்கே எடுத்த ஒரு சின்னப் படத்தில் வேலை கிடைத்தது, ஐம்பது வயதுக்காரரை எண்பது வயதுத் தாத்தாவாக்க வேண்டும். முதல் நாள் காலை நாலரை மணிக்கு உட்கார்ந்து ஒட்டிய லேட்டக்ஸ் (சுருக்கத் தோல் மாதிரி ஒட்டுகிற ரப்பர்), டர்பன் புழுக்கம் தெரியும்தானே, பதினொரு மணிக்கெல்லாம் காதுக்குக் கீழே ஓரம் கிளம்பி வேர்வை உள்ளே இறங்கிவிட்டது. மூன்று நாள் அழாத குறை. நாலாம் நாள் அவருடைய பேரனே ஒரு நிமிஷம் தாத்தாவை அடையாளம் தெரியாமல் நின்றான். படத்தைப் போட்டுக் காட்டிய அன்று எல்லாரும் அவரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள், பாராட்டட்டும், நன்றாகத்தான் நடித்தார். ஆனால் கடைசியில் ஓடிய பெயர்ப் பட்டியலில் என் பெயரே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் அத்தை மகன், இந்தியாவில் தேசிய விருதிலேயே மேக்கப்காரருக்குத் தனியாக ஒன்று உண்டு என்றான். உண்மையா? தமிழ்ப் படத்துக்குக் கிடைத்திருக்கிறதா? நம் ஊரில் எடுத்த படத்தை அதற்கு அனுப்ப முடியுமா? விருது வாங்கிய படங்களில் எதைப் பார்த்தால் எனக்குப் பாடமாக இருக்கும் என்றும் சொல்லுங்கள்.

லெனேசியா அண்ணன்:

உண்மைதான் தங்கச்சி. தேசிய விருதுகள் 1954-லேயே தொடங்கிவிட்டன, ஆனால் ஒப்பனைக்கென்று ஒரு விருது வர 54-ஆவது விருதுகள் வரை, அதாவது 2006-ஆம் ஆண்டுப் படங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டு! எத்தனை ராமன், எத்தனை ராவணன், எத்தனை கிழவன் கிழவி வேஷம் அதற்குள் வந்து போயிருக்கும், அந்தக் கைகளுக்கெல்லாம் தேசிய அளவில் ஒரு பதக்கம் கிடையாது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் விருது 'டிராஃபிக் சிக்னல்' என்ற இந்திப் படத்துக்காக அனில் மோதிராம் பாலாண்டேக்குப் போனது. ரஜத கமலம் என்கிற வெள்ளிப் பதக்கம், கூடவே பணம். பல வருடம் 50,000 ரூபாயாக இருந்தது, 70-ஆவது விருதுகளிலிருந்து 2 லட்சம்.

தமிழுக்கு முதலில் கிடைத்தது 56-ஆவது விருதுகளில், 'நான் கடவுள்' படத்துக்காக வி. மூர்த்தி வாங்கினார். அதே படத்துக்கு பாலாவுக்கும் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. பார்க்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். ஆர்யாவுடைய சடையும் உடம்பில் அப்பின சாம்பலும் யார் கண்ணிலும் படும், நீங்கள் அதைத் தாண்டி அந்தப் பிச்சை எடுக்கிறவர்களுடைய தோலைப் பாருங்கள். அழுக்கு, வெயில், ஆறாத புண், எதுவும் 'பூசினது' மாதிரித் தெரியாது. அழகாக்குகிறது ஒரு வித்தை, மேக்கப்பே போடவில்லை என்று நம்ப வைப்பது அதைவிடப் பெரிய வித்தை.

உங்கள் தாத்தா வேஷத்துக்குப் பாடம் என்றால் அதற்கு முந்தின வருடம் விருது வாங்கிய 'பரதேசி', மலையாளம். பட்டணம் ரஷீத் செய்தது. மோகன்லாலுக்கு வயது படிப்படியாக ஏறும், ஒரே தாவலில் கிழவனாகிவிட மாட்டார்.

அனுப்புகிற விஷயம் மட்டும் நடக்காது. இந்தியாவில் தயாராகி, அந்த வருடம் அங்கே தணிக்கைச் சான்றிதழ் வாங்கின படங்கள்தான் போட்டிக்குப் போகும்.

மாரிட்ஸ்பர்க் பேரன்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. கோவில் திருவிழாவில் தெருக்கூத்து ஆடுவார், இங்கே எல்லாரும் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்களே அதுதான். எங்கள் ஊர்க் கூத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள், தாத்தா முப்பது வருடம் திரௌபதி. நான் சின்னப் பையனாக விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு, வெள்ளையையும் சிவப்பையும் உள்ளங்கையிலேயே குழைத்து விரலால் இழுப்பார், ஒரு கையகலக் கண்ணாடிதான் இருக்கும். புருவத்தை முடித்துவிட்டு நிமிரும்போது தாத்தா அங்கே இருக்க மாட்டார், எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். அவர் பெயரையும் யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அதனால் எனக்குப் பிடித்த விருது 59-ஆவதில் விக்ரம் கைக்வாட் வாங்கினது. மேடையில் பெண் வேஷம் போட்டே புகழ் பெற்ற மராத்தி நடிகரைப் பற்றிய 'பாலகந்தர்வா' படத்துக்கும், 'தி டர்ட்டி பிக்சர்' படத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த மராத்திப் படத்தில் சுபோத் பாவே கண்ணாடி முன்னால் உட்காரும்போது எனக்குத் தாத்தாதான் தெரிந்தார்.

ஃபீனிக்ஸ் தமிழரசி:

மல்லி, ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. மும்பை சினிமாவில் பல காலம் பெண்களை மேக்கப் போடவே ஒப்பனைக் கலைஞர் சங்கம் விடவில்லை, முடி அலங்காரம் மட்டும் செய்துகொள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். சாரு குரானா என்கிற ஒப்பனைக் கலைஞர் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அடுத்த வருடப் படங்களுக்கான விருது, 63-ஆவது, 'நானக் ஷா ஃபகீர்' படத்துக்காக பிரீத்திஷீல் சிங், க்ளோவர் வூட்டன் என்ற இரண்டு பெண்களுக்குப் போனது. அந்தச் செய்தியை வெட்டி என் மேக்கப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நம் நாட்டிலேயே சாஃப்டா என்கிற தென்னாப்பிரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி விருதுகள் இருக்கின்றன, அவையும் 2006-இல்தான் தொடங்கின, அதில் மேக்கப்புக்கும் சிகை அலங்காரத்துக்கும் பிரிவு உண்டு. தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் பெயர்ப் பட்டியலைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. வேஷம் நாளுக்கு நாள் மாறாமல் இருக்க ஒவ்வொரு நாளும் எடுத்த கன்டினியூட்டி போட்டோக்களைத் தேதியோடு சேர்த்து அனுப்புங்கள்.

அப்புறம் லேட்டக்ஸ். ஒட்டுவதற்கு முன்னால் தோலில் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஆல்கஹாலால் துடைத்தீர்களா? ஸ்பிரிட் கம் என்கிற பழைய மேக்கப் பசை நம் ஊர் வேர்வைக்குத் தாங்காது. ப்ராஸ்-எய்டு பசையைத் தடவி, வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்வரை பொறுத்திருந்து அழுத்துங்கள். கண்ணோரச் சுருக்கத்துக்குத் துண்டு ஒட்டவே வேண்டாம், தோலை இழுத்துப் பிடித்து லேட்டக்ஸை ஒற்றி, காயவைத்து, பவுடர் போட்டபிறகு விட்டால் சுருக்கம் தானாக விழும்.

சாட்ஸ்வொர்த் மல்லி:

அக்கா, ஆல்கஹாலால் துடைத்தேன், ஆனால் பசை காய்வதற்குள் அழுத்திவிட்டேன், அங்கேதான் தப்பு. நேற்று ராத்திரி 'நான் கடவுள்' பார்த்தேன், அண்ணன் சொன்னமாதிரி தோலை மட்டும், பல இடங்களில் நிறுத்தி நிறுத்தி. தயாரிப்பாளருக்கு இன்று காலை எழுதிவிட்டேன், பதினேழு போட்டோ சேர்த்து. தம்பி, உங்கள் தாத்தா திரௌபதி வேஷத்தில் இருக்கிற போட்டோ ஏதாவது வீட்டில் இருந்தால் இங்கே போடுங்கள், அந்தப் புருவத்தை எப்படி இழுத்தார் என்று பார்க்க வேண்டும்.