தக்காளிக் காயின் அடி கறுக்கிறது: தண்ணீர் கூடியதா, குறைந்ததா?

இணுவில் வளவு:
வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு 14 தக்காளிக் கன்று வைத்தேன். 8 கிணற்றடிக்குப் பக்கத்தில் செம்மண்ணில், மிச்சம் 6 பசளைப் பையில். பங்குனி பிறந்ததும் காய் நன்றாகவே பிடித்தது. இப்போது காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ இருந்த இடம் கறுத்து, தோல் மாதிரி உள்ளே அமுங்குகிறது. பையில் நிற்பவற்றில்தான் அதிகம்.

காலையில் வேலைக்கு ஓடுமுன் ஹோஸால் 5 நிமிடம் எல்லாவற்றையும் தலையோடு நனைத்துவிட்டுப் போவேன். சனி, ஞாயிறு வீட்டில் நிற்கும்போது மத்தியான வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்தால் மனம் கேட்காது, திரும்பவும் விடுவேன். போன கிழமைக்கு முந்தின கிழமை மோட்டர் எரிந்து 3 நாள் ஒரு சொட்டும் இல்லை. வந்த அன்று, பாவம் என்று குளம் மாதிரி நிரப்பினேன். மாமி முட்டைக்கோது இடித்துப் போடச் சொல்கிறா. பக்கத்து வீட்டு அண்ணை தண்ணீர் கூடிவிட்டது என்கிறார். யார் சொல்வதைக் கேட்க?

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
தங்கச்சி, முட்டைக்கோது இருக்கட்டும், முதலில் உங்கள் கேத்திலுக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்கள் காலுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றில் வருவதும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். கல்சியம் மண்ணில் இருக்கிறது, காய்க்குப் போய்ச் சேரவில்லை. அது தண்ணீரோடு சேர்ந்துதான் தண்டில் ஏறும். வெயிலில் இலை விடாமல் ஆவி விடுவதால் ஏறி வருவதில் பெரும்பங்கை இலையே இழுத்துக்கொள்ளும். காய் கடைசிப் பந்தியில் இருக்கிற ஆள். தண்ணீர் தட்டுப்பட்டால் முதலில் பட்டினி அதன் அடிப்பக்கத்துக்குத்தான். மோட்டர் எரிந்த அந்த 3 நாளைத்தான் இப்போது காயில் பார்க்கிறீர்கள். குளம் மாதிரி நிரப்பியதும் நல்லதில்லை, வேர் மூச்சு முட்டினாலும் இதே கதைதான்.

இன்னொன்று, 5 நிமிடத்தில் 14 கன்றுக்கு என்ன போயிருக்கும்? மறுமுறை விட்ட பிறகு ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே 2 விரற்கடை ஈரம், கீழே மா மாதிரிக் காய்ந்திருக்கும். வேரும் அந்த 2 விரற்கடையிலேயே படுத்திருக்கும்.

அப்பா துலாவில் இறைத்தவர். ஒருவர் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, நான் சின்னப் பெடியன், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவேன். ஒவ்வொரு நாளும் அப்படி மிதிக்க யாரால் ஏலும்? முறை வைத்துத்தான் இறைப்பு. ஆனால் இறைத்தால் பாத்தி நிறைய. அதனால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போனது. இந்தத் தினமும் தெளிக்கிற பழக்கம் ஹோஸோடு வந்தது.

நிலத்தில் நிற்கிற கன்றுக்குத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிவர வரம்பு கட்டுங்கள். 3 நாளைக்கு ஒருமுறை, விடிய வெள்ளன, கன்றுக்கு ஒரு வாளி. பாதியை ஊற்றி, அது சுவறிய பிறகு மிச்சம். இலையில் படவே கூடாது, நனைந்த இலையில் கருகல் நோய் சுலபமாகப் பிடிக்கும். மேலே பூவரசங்குழையோ காய்ந்த வாழைச்சருகோ நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். பைக் கன்றுக்கு இந்தக் கணக்கு சரிவராது. அதற்குத் தினமும், அடி ஓட்டையால் வடியும்வரை. சித்திரை வெயிலில் பின்னேரமும் ஒருக்கால் வேண்டிவரும்.

மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். பின்னேரம் நிமிர்ந்தால் அது வெயிலுக்குத் தொங்கியது. காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர் குறைவா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். யூரியா போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், இலை இன்னும் கொழுத்துக் காயின் பங்கைத் தின்னும்.

வேலணைக் கடற்கரை:
ஐயா சொல்வது செம்மண்ணுக்குச் சரி. எங்கள் மணலில் 3 நாள் விட்டால் கன்று விறகுதான். நான் காலையில் அரை வாளி, பின்னேரம் அரை வாளி. தீவுப்பக்கம் யாராவது இதை வாசித்தால் இன்னொன்றும்: எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டரை ஒரே மூச்சில் ஓட விட்டால் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறிவிடும். விட்டு விட்டு இறையுங்கள். உவர்த் தண்ணீர் இலையில் பட்டால் ஓரம் கருகும். உப்பு கூடினாலும் இந்த அடி கறுப்பு வரும், நான் அதில் ஒரு வருடக் காயைத் தொலைத்தவன்.

இணுவில் வளவு:
3 கிழமை கழித்து எழுதுகிறேன். குச்சியால் கிளறினேன், ஐயா சொன்ன அதே 2 விரற்கடை! வெட்கமாகப் போய்விட்டது. கறுத்த காய்களைப் பிடுங்கி எறிந்தேன். வரம்பு கட்டி, குழை பரப்பிய பிறகு பிடித்த காய்கள் நிலத்துக் கன்றுகளில் சுத்தமாக இருக்கின்றன. பையில் இன்னும் ஒன்றிரண்டு கறுக்கிறது. மாமி முட்டைக்கோதும் போட்டா, நான் தடுக்கவில்லை.

ஆனால் ஓரத்தில் நின்ற ஒரு கன்று இலை பச்சையாக இருக்கவே வாடி, 4 நாளில் விழுந்துவிட்டது. மண் ஈரமாகத்தான் இருந்தது.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
அது தண்ணீர்ப் பிரச்சினை இல்லைப் பிள்ளை. அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர்க் கிளாசில் வெட்டு முனை முட்டத் தொங்க விடுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி நூல் இறங்கினால் பக்டீரியா வாடல். வேரோடும் மண்ணோடும் கிளப்பி வளவுக்கு வெளியே எரியுங்கள், எருக்குழியில் போட வேண்டாம். அந்த இடத்தில் அடுத்த முறை கத்தரி, மிளகாயும் வைக்காதீர்கள், அவற்றுக்கும் அது பிடிக்கும். வெங்காயம் நடுங்கள்.