கால் சுற்றுப் பூட்டு இல்லாத காணொளி வட முனையை அறுவை அரங்கில் நம்பலாமா?

பழைய கம்பி: வீட்டுத் தொலைக்காட்சியில் செருகும் எச்டிஎம்ஐ இணைப்பின் 2.0 வகை விநாடிக்கு 18 கிகாபிட் தரவைக் கடத்தும்போது, 11.88 கிகாபிட்டோடு நின்றுவிடும் 12ஜி எஸ்டிஐ என்ற ஒளிபரப்புத் துறைக் காணொளிக் கம்பியை அறுவை அரங்கில் இன்னும் வைத்திருப்பது வெறும் பழக்கதோஷம் என்று ‘நேரலை’ நேற்று இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் மருத்துவருக்குக் கண் என்பது அந்தத் திரைதான். எஸ்டிஐ கம்பியின் பிஎன்சி முனையைச் செருகிக் கால் சுற்றுத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வழக்கமான எச்டிஎம்ஐ முனையோ உராய்வை மட்டும் நம்பித் தொங்குகிறது. தள்ளுவண்டியை ஒரு முழம் நகர்த்தும்போது அந்த 18 கிகாபிட் எங்கே போகும் என்பதை அவரே விளக்கட்டும்.

நேரலை: திருகாணியோ கவ்வியோ வைத்த எச்டிஎம்ஐ வடங்கள் கிடைக்கின்றன என்பது ஐயாவுக்கு இன்னும் எட்டவில்லை போலும். 3840 × 2160 படத்தை விநாடிக்கு 60 சட்டகங்களாக அனுப்பும்போது 12ஜி எஸ்டிஐ 4:2:2 அளவில், அதாவது கிடைமட்டத்தில் நிறத் தகவலின் பாதியைக் கைவிட்டுத்தான் அனுப்புகிறது. எச்டிஎம்ஐயோ 4:4:4 அளவில் முழு நிறத்தையும் 8 பிட்டில் தருகிறது. திசுவின் சிவப்பில் நுண்ணிய வேறுபாட்டைத் தேடுகிறவருக்கு எது தேவை?

பழைய கம்பி: அந்த 8 பிட்டைக் கடைசியில் ஓசையின்றிச் சொன்னதைக் கவனித்தேன், எஸ்டிஐ 10 பிட், அதாவது ஒவ்வொரு நிறக்கூறுக்கும் 256 படிகளுக்கு எதிரே 1024 படிகள். அது கிடக்கட்டும். கவ்வி என்பது வடத்தை விற்றவர் பின்னால் யோசித்துச் சேர்த்தது. கால் சுற்று என்பது பிஎன்சியின் உடம்பிலேயே இருப்பது. 1999ஆம் ஆண்டு கணினித் திரைக்காக வந்த டிவிஐ முனைக்குக்கூட இரண்டு பக்கமும் திருகாணி இருந்தது. அதற்குப் பின் வந்த எச்டிஎம்ஐக்கு அந்தப் புத்தி இல்லாமல் போனது ஏன்?

ஒளியிழை: இருவரும் செம்புக் கம்பியைப் பற்றியே பேசுகிறீர்கள். மின் அறுவைக் கருவி உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைப் பாய்ச்சும் அறையில், திரைக்கும் கேமராவுக்கும் இடையே ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையை இட்டால் குறுக்கீடும் குறையும், கருவிகளுக்கிடையே மின்கசிவுக்கான பாதையும் அறுபடும். இதை நான் சொல்வது மூன்றாம் முறை.

பழைய கம்பி: வண்டிச் சக்கரம் இழையின் மேல் ஏறிய பிறகு நான்காம் முறையும் சொல்லுங்கள், கேட்கிறோம்.

இளம்பொறி: ஒரு ஐயம். பூட்டு என்று நீங்கள் சொல்வது, கால் தட்டினாலும் முனை கழலக் கூடாது என்பதையா, அல்லது வடத்தில் கால் சிக்கும்போது முனை கழன்றுகொடுத்து வண்டி சாயாமல் காக்க வேண்டும் என்பதையா? முதலில் இதை வரையறுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

நேரலை: வரையறை இருக்கட்டும், தம்பி. 12ஜி வருவதற்கு முன் ஒரே 4கே படத்தை நான்கு 3ஜி எஸ்டிஐ வடங்களில் நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து அனுப்பினார்களே, அந்தக் காலத்தில் இரண்டு வடங்களை மாற்றிச் செருகிய அரங்கை நான் பார்த்திருக்கிறேன். பித்தப்பையின் மேல்பாதி திரையின் அடியில் வந்து நின்றது. நான்கையும் நம் பெரியவர் புகழும் கால் சுற்று மிக உறுதியாகப் பூட்டியிருந்தது!

பழைய கம்பி: மாற்றிச் செருகியது மனிதன் செய்த தவறு, தானே கழல்வது முனையின் தவறு, இந்த வேறுபாடு புரியாதவரோடு சென்ற மாதம் மின்கசிவு பற்றி வாதிட்டு நேரத்தை வீணாக்கியதை நான் மறக்கவில்லை. மேலும், கழன்ற எச்டிஎம்ஐயை மறுபடி செருகினால் கருவியும் திரையும் எந்த வகைப் படம் ஏற்கும் என்று ஒன்றையொன்று விசாரித்து முடித்த பிறகே படம் வரும். எஸ்டிஐ ஒருவழிப் பாதை. அதற்கு அந்த விசாரணை கிடையாது. இரத்தம் கசியும் நேரத்தில் கறுத்த திரையை யார் பார்த்துக்கொண்டிருப்பது?

நேரலை: சென்ற மாதம் பாதியில் எழுந்து போனவர் யார் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ‘கம்பி’ என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு ‘வடம்’ என்ற சொல் பிடிக்காது என்பதும் தெரியும்.

ஒளியிழை: இழையிலும் தாழ்ப்பாள் உள்ள முனைகள் உண்டு என்பதைப் பதிவு செய்கிறேன்.

பழைய கம்பி: தாழ்ப்பாள் வேறு, பூட்டு வேறு. நேரலை அவர்களே, கடைசியாக ஒரு கேள்வி: வெறும் எச்டிஎம்ஐ முனை எத்தனை பாகை திரும்பும்?