செந்தூல் தாத்தா வீடு (குடும்பக் குழு)

செல்வி: எதுத்த வீட்டுப் பையனுக்கு டெங்கியாம். வார்டுல போட்டுட்டாங்க. சனிக்கிழமை புகை அடிக்க வர்றாங்க

குணா: ஞாயித்துக்கிழமை விருந்தாச்சே

சரசு அத்தை: முருகா

பிரியா: தாத்தாவுக்கு 80 வயசு. மண்டபத்துக்கு மாத்திடலாமா

சரசு அத்தை: மண்டபக் காசு யாரு குடுக்கிறது? காதுகுத்துக் கணக்கே இன்னும் முடியல

குணா: ஆரம்பிச்சுட்டாங்க

செல்வி: புகை அடிச்சா சரியாயிடும்ல?

ராஜன் மாமா: செல்விம்மா, புகை பறக்கிற கொசுவத்தான் கொல்லும். தண்ணிக்குள்ள இருக்கிற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாகி வந்துடும். லோங்காங்க, அதான் வெளிய இருக்கிற சாக்கடைய, மட்டும் பாத்துட்டு இருக்காதீங்க. டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு வீட்டு நல்ல தண்ணியிலயே முட்ட போடும். பூச்சட்டித் தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால உள்ள தட்டு, பாத்ரூம் தொட்டி. கொட்டினா மட்டும் பத்தாது. முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது. வாராவாரம் பிரஷ் போட்டுத் தேய்க்கணும்

பிரியா: மாமா பாரா பிரிச்சு எழுதுங்க

ராஜன் மாமா: குணா, பின்னால கிடக்கிற டயரு?

குணா: அதுல தண்ணி இல்ல மாமா

செல்வி: இருக்கு. போட்டோ போடவா

சரசு அத்தை: காரை வித்தே எத்தன வருசம், டயரு என்னத்துக்கு

ராஜன் மாமா: புழு இருந்தா 500 வெள்ளி வரைக்கும் கொம்பவுண்டு, அபராதம். 1975 பூச்சி ஒழிப்புச் சட்டம்

சரசு அத்தை: குணா கட்டட்டும்

சரசு அத்தை: (ஃபார்வர்ட்) அரசாங்கமே கொசு வளத்து ஊருக்குள்ள விடுறாங்க!! எல்லாருக்கும் அனுப்புங்க!!

ராஜன் மாமா: அக்கா, விடுறது உண்மைதான், ஆனா நல்லதுக்கு. வொல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா. அது உள்ள இருந்தா கொசு உடம்புல டெங்கி கிருமி பெருகுறது கஷ்டம். 2017ல கோலாலம்பூர், செலாங்கூர் பக்கம் விட ஆரம்பிச்சாங்க. விட்ட இடத்துல டெங்கி 40 விழுக்காடு கொறஞ்சதா 2019ல ஆய்வு வந்துச்சு

சரசு அத்தை: இருக்கிற கொசு பத்தாதுன்னா

பிரியா: பாத்ரூம் தொட்டியில கப்பி மீன் விடலாமே, புழுவத் தின்னுடும். யாரு வாங்குறீங்க

சரசு அத்தை: அன்னைக்கு சைவம்

குணா: 😂😂

சரசு அத்தை: அந்தப் பையனுக்கு பப்பாளி இலைச் சாறு குடுக்கச் சொல்லுங்க

பிரியா: டாக்டர் பாத்துக்குவாங்க அத்தை. நம்மள்ல யாருக்காச்சும் காய்ச்சல்னா கிளினிக் போங்க, அதுவரைக்கும் பனடோல் (பாராசிட்டமால்) மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென் வேணாம், டெங்கியா இருந்தா ரத்தக் கசிவு வரலாம். காய்ச்சல் விட்டுச்சுன்னு சும்மா இருக்காதீங்க. அப்பதான் ஆபத்து. வயித்துவலி, வாந்தின்னா உடனே ஆஸ்பத்திரி

செல்வி: பந்தல்காரர் கால் பண்றாரு. வீடா மண்டபமா

ராஜன் மாமா: வீடுன்னா பந்தலச் சரிச்சுக் கட்டச் சொல்லு, மேல மழத்தண்ணி தேங்கக்கூடாது

குணா: டயர வெள்ளிக்கிழமை எடுத்துடறேன்

செல்வி: எந்த வெள்ளிக்கிழமை

சரசு அத்தை: புடவை கலரு முடிவாச்சா? மாம்பழக் கலர் எனக்கு வேணாம்