சிஆர்பி 4.2 வந்திருக்கு, இதயத்துல அடைப்புன்னு அர்த்தமா?

மழைத்துளி:
அப்பாவுக்கு 58 வயசு. செக்கப்ல ஹெச்எஸ் சிஆர்பி (அழற்சிய காட்டற ரத்த டெஸ்ட்) 4.2ன்னு வந்திருக்கு, பக்கத்துலயே ஹை ரிஸ்க்னு போட்டிருக்கு. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 118, ஈசிஜி நார்மல், நெஞ்சு வலி இல்ல, மாடி ஏறினா மூச்சும் வாங்கல. ரெண்டு நாளா வீட்ல யாருக்கும் தூக்கமே இல்ல, அடைப்பு இருக்குன்னு இந்த ஒரு டெஸ்ட்டே சொல்லிடுமா, உடனே ஆஞ்சியோ எடுக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லேப்காரன்:
பயப்படாதீங்க. சிஆர்பிங்கறது உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரக்கற புரதம், அது இதயத்துலேர்ந்துதான் வருதா மூட்டுலேர்ந்து வருதான்னு இந்த நம்பர் சொல்லவே சொல்லாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு கீழ இருந்தா ரிஸ்க் கம்மி, 1லேர்ந்து 3 நடுத்தரம், 3க்கு மேல அதிகம்னு வெச்சிருக்காங்க. 10ஐ தாண்டினா பெரும்பாலும் ஏதோ இன்ஃபெக்‌ஷன், அத வெச்சு இதயத்த பத்தி பேசவே கூடாது. டெஸ்ட் எடுத்தப்ப சளி, காய்ச்சல், பல் வலி ஏதாவது இருந்துச்சா?

மழைத்துளி:
அட ஆமாங்க, பத்து நாளா ஈறு வீங்கி ஒரு பக்கமாதான் சாப்பிடறாரு! இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல.

செவ்வந்தி:
மொதல்ல அத சொல்லுங்க. ஈறு சரியான பிறகு ரெண்டு வாரமாவது விட்டு திரும்ப எடுங்க, ஒரே ஒரு ரிசல்ட்ட வெச்சு முடிவு பண்ணாதீங்க. அதுக்காக இந்த டெஸ்ட்டே வேஸ்ட்னும் நினைக்காதீங்க, 2008ல வந்த ஜூபிடர் ஆய்வுல எல்டிஎல் 130க்கு கீழ, சிஆர்பி 2ம் அதுக்கு மேலயும் இருந்த 17,802 பேர எடுத்து பாதி பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால குறைக்கற ஸ்டாட்டின் வகை மாத்திரை) குடுத்தாங்க, மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி சம்பவங்கள் மருந்து எடுத்தவங்களுக்கு 44 சதவீதம் குறைஞ்சுது. அதனால மறுபடியும் 2க்கு மேலயே நின்னா, பிபி, சுகர், புகைப்பழக்கம், குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல அட்டாக் வந்துச்சா எல்லாத்தோடயும் சேத்துப் பாத்து ஸ்டாட்டின் வேணுமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு.

லேப்காரன்:
செவ்வந்தி மேடம் சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேக்கறேன், ரத்தக்குழாய் சுவர்ல கொழுப்பு படிஞ்ச இடத்துல அழற்சி இருந்தா அந்தப் படிவு பிளந்து ரத்தம் உறைஞ்சு அட்டாக் வரும், சிஆர்பிய பாக்கறதே அதுக்காகத்தான். ஆனா சிஆர்பியே அடைப்ப உண்டாக்கறது இல்ல, மரபணு ஆய்வுகள்லயும் அப்படித்தான் தெரிஞ்சுது. படிவு இருக்கான்னு பாக்கணும்னா சிடி ஸ்கேன்ல கால்சியம் ஸ்கோர் (இதய ரத்தக்குழாய்ல படிஞ்ச கால்சியத்தோட அளவு) எடுக்கலாம், அறிகுறியே இல்லாதவருக்கு நேரா ஆஞ்சியோ தேவைப்படாது.

செவ்வந்தி:
நடுவுல நெஞ்சு அழுத்தம், வேர்வை, இடது கை வலின்னு வந்தா மட்டும் சிஆர்பிக்கு காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, அங்க பாக்கறது ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானா ரத்தத்துல ஏறுற புரதம்), அது வேற டெஸ்ட்.

மழைத்துளி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். நாளைக்கே பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன், மறுபடி எடுத்த ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன்.