இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு முதலில் வரைபடமா, ஆண்டா?

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் மலாக்கா எந்த ஆண்டு போர்த்துகீசியரிடம் விழுந்தது என்று கேட்டால் 1511 என்று டக்கென்று வருகிறது. சரி, மலாக்கா எங்கே, விரலை வை என்றால் விரல் பேராவுக்கும் ஜொகூருக்கும் நடுவே அலைகிறது. வரலாறும் புவியியலும் தனித்தனிப் புத்தகம், தனித்தனி ஆசிரியர். என்னைக் கேட்டால் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1 தொடங்கியதும் வரலாற்று வகுப்பிலும் வரைபடத்தை மட்டும் நடத்த வேண்டும். ஆண்டுகள் அப்புறம் வரட்டும்.

மலாக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனக் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் இறங்கி வரும், தென்மேற்குக் காற்றில் திரும்பும். குஜராத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் வருகிறவர்களுக்கு நேர் எதிர். காற்று மாறும் வரை இரண்டு தரப்பும் மாதக்கணக்கில் எங்காவது தங்கியாக வேண்டும். அதனால்தான் கிடங்கு, வரி, சட்டம், துறைமுகத்தைக் கவனிக்கும் அதிகாரிகளான நாலு ஷாபந்தர் எல்லாம் வந்தன. காற்றின் திசை தெரியாத பிள்ளைக்கு நாலு ஷாபந்தர் என்பது வெறும் மனப்பாடம்.

செந்தூல் ரவி:
டீச்சர், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காற்று ராஜேந்திர சோழன் காலத்திலும் அப்படித்தான் அடித்தது. மலாக்கா நீரிணையும் அதே நீரிணைதான். 1025இல் சோழர் படை வந்தபோது பெயர் பெற்ற துறை கடாரம், இன்றைய கெடா. 1400க்குப் பிறகு மலாக்கா. 1786இல் பினாங்கு, 1819இல் சிங்கப்பூர். நிலம் மாறவில்லை, துறைமுகம் மட்டும் ஏன் இடம் மாறிக்கொண்டே இருந்தது? வரைபடத்தை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் பதில் வராது.

சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், நெருக்கடியைச் சமாளிக்க மலாக்கா சீனாவின் ஆதரவைத் தேடியது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் வந்தன, 1411இல் மலாக்கா மன்னர் பரமேஸ்வரா தானே சீனாவுக்குப் போனார். அது மனிதர்கள் எடுத்த முடிவு. எது முன்னே, எது பின்னே என்று தெரியாமல் எப்படிப் புரியும்? இன்னொன்று, 2013இலிருந்து படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் வரலாறு தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அதையும் பெற்றோரிடம் சொல்லிவிட்டு ஆண்டுகளைத் தள்ளிப் போடுங்கள்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
ரவி சார், தேர்வு என்ற பூச்சாண்டியைக் காட்டாதீர்கள். பினாங்குக்கே வருகிறேன். வடகிழக்குக் காற்று நேரத்தில் சோழமண்டலக் கரையில் புயல் அடித்தால் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒதுங்க நல்ல துறைமுகம் இல்லை. வங்கக் கடலுக்குக் கிழக்கே ஒரு புகலிடம் வேண்டும், சீன வியாபாரத்துக்கு நடுவழியில் ஒரு தங்குமிடமும் வேண்டும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் அலை அடங்கிய ஒரு கால்வாய். கம்பெனிக்காகப் பினாங்கைப் பிடித்த பிரான்சிஸ் லைட் வந்த காரணத்தில் பாதி வரைபடத்திலேயே கிடக்கிறது.

வானம் தெளிந்த காலையில் பாடாங் கோத்தா கடலோரத்தில் நின்று வடக்கே பார்க்கச் சொல்லுங்கள். ஜெராய் மலை நீலமாகத் தெரியும். 1,200 மீட்டருக்கு மேல் உயரம். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்கு அதுதான் அடையாளம். அதன் காலடியில் மெர்போக் முகத்துவாரம், அங்கேதான் பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரம் ஏன் கடாரமாக இருந்தது என்பதை ஒரு பிள்ளை அங்கேயே நின்று பிடித்துக்கொள்ளும்.

செந்தூல் ரவி:
மீதிப் பாதியை விட்டுவிட்டீர்களே! கெடா சுல்தான் தீவைக் கொடுக்க முன்வந்தது சயாமுக்கு எதிராகப் படை உதவி கிடைக்கும் என்று நம்பி. உதவி வரவில்லை. தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார். 1791 ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று முடித்துவிட்டார்கள். 1821இல் சயாம் கெடாவுக்குள் புகுந்தபோதும் கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இது கால்வாயின் ஆழத்தில் இல்லை டீச்சர், எது முன்னே எது பின்னே என்ற வரிசையில் இருக்கிறது.

பட்டர்வொர்த் அம்மா:
நீங்கள் இரண்டு பேரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். என் மகள் இந்த வருஷம்தான் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்திருக்கிறாள். எல்லாம் மலாயில். தீர்க்கரேகை 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்று ஒப்பிக்கிறாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் அழுகை வருகிறது.

கப்பாளா பத்தாஸ் தம்பி:
அக்கா, ஏப்ரல் முதல் வாரத்தில் பள்ளித் திடலில் ஒரு குச்சியை நட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் இருப்பது வடக்கே 5 பாகைக்குச் சற்று மேல். அந்த வாரம் சூரியன் நம் உச்சந்தலைக்கு வரும், நிழல் கிட்டத்தட்ட காணாமலே போகும். ஆனால் 12 மணிக்கு இல்லை, 1.20 வாக்கில். ஏன்? நம் கடிகாரம் ஓடுவது 120 பாகைத் தீர்க்கரேகைக்கு. பினாங்கு இருப்பது 100 பாகைப் பக்கம். 20 பாகை வித்தியாசம், பாகைக்கு 4 நிமிடம், மொத்தம் 80 நிமிடம். ஒரு தடவை நிழலைப் பார்த்துவிட்டால் கணக்கு தானாக வரும்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
தம்பி, இதைத்தான் நான் தொண்டை வறளச் சொல்கிறேன்.

செந்தூல் ரவி:
நில்லுங்கள், இது என் பக்கத்துச் சாட்சி! 1981 கடைசி வரை தீபகற்பத்தின் கடிகாரம் இப்போதைவிட அரை மணி நேரம் பின்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 பிறந்தபோது முன்னே தள்ளினார்கள். சூரியன் நகரவில்லை, அரசாங்கம் கடிகாரத்தை நகர்த்தியது.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
தீர்க்கரேகை தெரியாதவனுக்கு அந்த 1982 எதற்கு? உங்கள் ஊரையே பாருங்களேன். 1857இல் அம்பாங்குக்கு ஈயம் தேடிப் போனவர்கள் கிள்ளான் ஆற்றில் படகில் வந்து, கோம்பாக் சேரும் இடத்தில்தான் இறங்கினார்கள். அதற்கு மேல் படகு போவது சிரமம். ஆறு இரண்டும் சேரும் அந்த முனைதான் கோலாலம்பூர்.

செந்தூல் ரவி:
ஆறு சேரும் முனை நாட்டில் எத்தனையோ இருக்கிறது. 1880இல் பிரிட்டிஷ் அதிகாரியான ரெசிடெண்டின் அலுவலகத்தைக் கிள்ளானிலிருந்து இங்கே மாற்றினார்கள், 1896இல் நான்கு மாநிலக் கூட்டரசுக்குத் தலைநகரம் ஆக்கினார்கள். இல்லாவிட்டால் வெள்ளமும் மலேரியாவும் உள்ள இன்னொரு ஈயப் பட்டணமாகவே நின்றிருக்கும்.

சரி, ஒன்று கேட்கிறேன். 1824இல் பிரிட்டிஷும் டச்சும் லண்டனில் உட்கார்ந்து நீரிணையின் இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அதுவரை இரண்டு கரையும் ஒரே உலகம். நீங்கள் முதலில் கையில் கொடுக்கும் வரைபடத்திலேயே அந்தக் கோடு இருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்?

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
கோடில்லாததைத்தான் கொடுப்பேன். கரை, ஆறு, மலை, காற்றுக்கு அம்புக்குறி, அவ்வளவுதான். 1824 பாடம் வரும்போது பிள்ளைகளே கோட்டைப் போடட்டும்.

செந்தூல் ரவி:
போடட்டும். ஆனால் தேர்வில் அம்புக்குறியைக் கேட்க மாட்டார்கள். சுமத்ராவில் பிரிட்டிஷ் வசம் இருந்த பெங்கூலன் யார் கைக்குப் போனது, எந்த ஆண்டு, இதுதான் கேள்வி.

பட்டர்வொர்த் அம்மா:
யார் கைக்குப் போனது?

கப்பாளா பத்தாஸ் தம்பி:
டச்சுக்காரர்களுக்கு, அக்கா. பதிலுக்கு மலாக்கா பிரிட்டிஷுக்கு.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
பெங்கூலன் சுமத்ராவின் எந்தக் கரையில் இருக்கிறது என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். மேற்குக் கரை, நீரிணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பிரிட்டிஷ்காரன் ஏன் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தான் என்று அவளே சொல்லிவிடுவாள்.