ஏற்காட்டிலிருந்து தலைக்காயத்தை இறக்கும்போது பேக் எத்தனை தடவை?

கொண்டைஊசி_20 கேட்டது:

வணக்கம். தலையில் அடிபட்டு நினைவில்லாம இருக்கிறவருக்கு டியூப் போட்டு ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறக்குறப்போ, வழி முழுக்க அம்பு பேக்தான் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற பை). மூளை வீங்கக்கூடாதுன்னா வேகமா அமுக்கணும்னு பழைய ஆட்கள் சொல்றாங்க. புதுசா படிச்சு வர்றவங்க, அதைச் செய்யவே கூடாதுங்கிறாங்க. கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சா மூளையில் சின்ன ரத்தக்குழாய் சுருங்கும்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிறாங்க. அப்புறம் எங்கே பிரியுது? நிமிஷத்துக்கு எத்தனை, கேப்னோகிராஃபில் (வெளியே வர்ற மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளந்து திரையில் காட்டுற மிஷின்) எந்த எண்? இருபது வளைவும் முடியிற வரைக்கும் கைக்கு ஒரு கணக்கு வேணும்.

மயக்கவியல்_சேலம்:

சுருங்குவது உண்மை. ஆனால் சுருங்கும்போது குறைவது வீக்கம் அல்ல, மண்டைக்குள் இருக்கும் ரத்தம். பிரிவது அங்கேதான்.

நீங்கள் சொன்ன சின்ன ரத்தக்குழாயான நுண்தமனியைச் சுற்றி ஒரு தசை வளையம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு குழாய்ச் சுவரைச் சுலபமாகத் தாண்டும், பைகார்பனேட் தாண்டாது. அதனால் ரத்தத்தில் வாயு குறைந்த சில நொடிகளிலேயே தசையைச் சுற்றிய நீரின் அமிலத்தன்மை குறைந்து, தசை இறுகுகிறது. இயல்பாக 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மி.லி. ரத்தம் போகும். ரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் 1 மி.மீ. (பாதரச அளவு) இறங்கினால் ஓட்டம் சுமார் 3% குறையும். 40 இருந்தது 20 ஆனால் ஓட்டம் ஏறக்குறைய பாதி. அடிபட்ட பகுதி ஏற்கெனவே ரத்தத்துக்கு ஏங்கிக்கொண்டிருக்கும், முதலில் சாவது அதுதான்.

20-க்கு வர ரொம்ப நேரம் வேண்டாம். ஒரு அமுக்கு 500 மி.லி. என்றால் அதில் 150 மூச்சுக்குழாயோடு நின்றுவிடும், 350தான் உள்ளே வேலை செய்யும். நிமிடத்துக்கு 10 என்றால் மூன்றரை லிட்டர். பதற்றத்தில் 24 ஆனால் எட்டு லிட்டருக்கு மேல். அதே வேகத்தில் மலை இறங்கினால் கார்பன் டை ஆக்சைடு பாதிக்கும் கீழே போய்விடும்.

ஆக, பெரியவர்களுக்கு 6 விநாடிக்கு ஒன்று. ஒரு கையால் அமுக்குங்கள், நெஞ்சு எழும்புவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், பையைக் கசக்கிப் பிழிய வேண்டாம். திரையில் 35 முதல் 40. வண்டி வளைவில் சாயும்போது கை தானாக வேகமெடுக்கும், பக்கத்தில் ஒருவர் வாய்விட்டு எண்ண வேண்டும்.

விதிவிலக்கு ஒன்றே: ஒரு பக்கக் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் போவது, கைகால் விறைத்து நீள்வது. மூளை கீழே பிதுங்குகிறது என்று அர்த்தம். அப்போது நிமிடத்துக்கு 20, திரையில் 30 முதல் 35. அதற்குக் கீழே விடாதீர்கள். கண்மணி பழையபடி ஆனால் உடனே பத்துக்குத் திரும்புங்கள்.

கொண்டைஊசி_20:

தெளிவாச்சு சார், நன்றி. சில மிஷின் சதவீதத்தில் காட்டுது. 5 காட்டினா சரின்னு வச்சுக்கலாமா?

கருவி_அஞ்சுரோடு:

சேலத்தில் வச்சுக்கலாம், மேலே கூடாது. சதவீதம் என்பது சுற்றுக் காற்றழுத்தத்தில் ஒரு பங்கு. சேலத்தில் காற்றழுத்தம் 735 மி.மீ. அளவில் இருக்கும், 5% சுமார் 37. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே அழுத்தம் 640 அளவுதான், அதே 5% வெறும் 32. நீராவியைக் கழித்தால் இரண்டுமே இன்னும் கொஞ்சம் குறையும். மெனுவில் அலகை மி.மீ. பாதரசத்துக்கு மாற்றிவிட்டே வண்டியை எடுங்கள்.

இன்னொன்று, மூச்சுக்காற்றை மிஷினுக்கு இழுக்கும் உறிஞ்சு குழாயில் ஈரம் கோர்த்தால் அலை தட்டையாகி எண் பொய்யாக இறங்கும். குழாய் முனை டியூபுக்கு மேல்பக்கமாக இருக்கட்டும், கீழே தொங்கினால் சளியும் நீரும் அதில்தான் வடியும்.

தீவிரசிகிச்சை_செவிலி:

மயக்கவியல் சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கோங்க, ஆபத்து இதில்தான் அதிகம். திரையில் வருவது மூச்சுக்காற்றின் எண், ரத்தத்தின் எண் இல்லை. நுரையீரல் நல்லா இருந்தா ரத்தத்தில் 2 முதல் 5 வரைதான் கூடுதலா இருக்கும். வயிற்றிலோ தொடையிலோ ரத்தம் போய் பிரஷர் விழுந்தவருக்கு நுரையீரலுக்கு வர்ற ரத்தமே குறைவு. அதனால் திரையில் 27 வரும், உள்ளே 45 இருக்கும். அந்த 27-ஐப் பார்த்து, வேகமா அமுக்கிட்டோம்னு கையை மெதுவாக்கினா கார்பன் டை ஆக்சைடு ஏறும், குழாய் விரியும், மண்டைக்குள் அழுத்தம் கூடும்.

எண் திடீர்னு இறங்கினா முதலில் எண்ணிக்கை பாருங்க. பத்துதான் அமுக்குறீங்கன்னா கோளாறு கையில் இல்லை. இணைப்பு கழன்றிருக்கான்னு பார்த்துட்டு பிரஷர் எடுங்க. மேல் பிரஷர் 110-க்குக் குறைஞ்சிருந்தா அதை ஏத்துறதுதான் முதல் வேலை.

ஒப்படைக்கும்போது எத்தனை நிமிஷம் வேகமா அமுக்கினீங்கன்னு நேரத்தோட சொல்லுங்க. மணிக்கணக்கில் குறைவாவே வச்சிருந்தா மூளையைச் சுற்றின நீர் அதுக்குப் பழகிடும், சுருங்கின குழாய் மெல்லத் தளரும். அப்புறம் சட்டுனு இயல்புக்குக் கொண்டுவந்தா இயல்பைவிட அதிகமா விரிஞ்சு அழுத்தம் ஏறிடும். அந்த நேரக் கணக்கு கையில் இருந்தாதான் வென்டிலேட்டரை எவ்வளவு மெதுவா இறக்கணும்னு நாங்க முடிவு பண்ண முடியும். வந்த உடனே தமனி ரத்தம் எடுத்துப் பார்ப்போம், உங்க திரை எண்ணையும் குறிச்சுக் கொடுத்தா ரெண்டுக்கும் உள்ள இடைவெளி தெரிஞ்சுடும்.