புதுப்பிப்பு: அப்பாவோடு சுவீடன் காட்டுக்குப் போய்வந்தோம்

அறுபத்தைந்து வயது அப்பாவைக் கூடாரத்தில் தங்கவைத்து ஓநாய்த் தடம் பார்க்கக் கூட்டிப்போகலாமா என்று மே மாதம் இங்கே கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. போய்வந்துவிட்டோம்.

ஓநாயைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் ஈரமான மண்பாதையில் தடம் கிடைத்தது, முன்கால் பதிந்த இடத்திலேயே பின்காலும் விழுந்து, நூல் பிடித்த மாதிரி ஒரே கோடாகப் போயிருந்தது. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஆடு மேய்த்து வளர்ந்த அப்பா அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்மூரு நாய் இப்படியா நேராப் போகும் கண்ணு, அலைஞ்சல்ல திரியும்" என்றார். வழிகாட்டி சொன்னதும் அதேதான். கொஞ்சம் தள்ளிக் கிடந்த எச்சத்தைக் குச்சியால் பிரித்துக் காட்டினார், உள்ளே முழுக்க மூஸ் மானின் முடி.

சாயங்காலம் ஏரியில் பீவர் (மரத்தைக் கொறித்துச் சாய்க்கும், தண்ணீரில் வாழும் பெரிய எலி மாதிரி விலங்கு) நீந்தியது. அந்த நாட்டில் வேட்டையாடியே அதை அழித்துவிட்டு, 1922-ல் நார்வேயிலிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். இப்போது கரையெல்லாம் அது கடித்துச் சாய்த்த மரங்கள், அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கூடாரம் பற்றிக் கேட்டவர்களுக்கு: குளிர் பெரிதில்லை, கொசுதான் தொல்லை. அப்புறம் ஜூனில் இரவு சரியாக இருட்டாது, அப்பாவுக்கு முதல் நாள் தூக்கமே வரவில்லை, கண்ணைக் கட்ட ஒரு துண்டு எடுத்துப்போங்கள்.